காப்பரா, அலுமினியமா? கையடக்க நீல லேசருக்கு ஹீட்சிங்க் செய்த அனுபவம்

கையில் பிடிக்கும் லேசர் கட்டுகிறவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டை) காப்பரா, அலுமினியமா என்பதில்தான் போய் நிற்கும். நானும் அந்தக் கேள்வியோடுதான் உலோகக் கடைக்குப் போனேன். வெவ்வேறு உலோகங்களில் ஒரே அளவுக்குக் கடைந்து, சூடேற்றி, அளந்து பார்த்த பிறகு என் கவனம் முழுவதும் இணைப்புகள் மேல் திரும்பிவிட்டது. லேசர் ஒளி தரும் டயோடு, அதைப் பிடித்திருக்கும் உலோக உறையான மாட்யூலைத் தொடும் இடம், மாட்யூல் ஹீட்சிங்கைத் தொடும் இடம், ஹீட்சிங்க் பேட்டரிக் குழாயைத் தொடும் மரை. இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் சாதாரண அலுமினியமே நன்றாக வேலை செய்கிறது. இவற்றில் ஒன்று கோணினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காப்பரும் காப்பாற்றாது.

நான் எடுத்துக்கொண்ட டயோடு ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தின் என்யூபிஎம்44. ப்ரொஜெக்டருக்காகச் செய்யப்பட்டது. 9 மி.மீ. கேன் (உலோகக் கூடு), 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. 4.5 ஆம்பியர் கொடுத்தால் 7 வாட்டுக்குக் கிட்ட ஒளி தரும். அந்த நேரத்தில் டயோடின் குறுக்கே 4.7 வோல்ட் அளவில் நிற்கும். உள்ளே போவது 21 வாட், ஒளியாக வெளியே வருவது 7 வாட், மீதி 14 வாட்டும் சூடு. அந்தச் சூடு முழுவதும் சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஓர் அடித்தட்டு வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்.

வேலைக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே கிளாஸ் 4, லேசர்களில் மிக ஆபத்தான வகுப்பு. இது அதைப் போல 14 மடங்கு. நேரடிக் கற்றை மட்டுமல்ல, சுவரிலோ பலகையிலோ விழுந்து சிதறும் புள்ளியை அருகிலிருந்து பார்ப்பதும் விழித்திரையைக் கெடுக்கும். கண்ணுக்கு வலி தெரியாது, சேதம் ஆன பிறகுதான் தெரியும். 450 நானோமீட்டருக்கென்று ஓ.டி. மதிப்பு (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) அச்சிட்ட, லேசர் கண்ணாடிக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 207 சான்றுள்ள கண்ணாடி இல்லாமல் இந்த டயோடுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. லேசர் செட்டோடு இலவசமாக வரும் ஆரஞ்சு பிளாஸ்டிக் கண்ணாடியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இதனால்தான் கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை டயோடே இல்லாமல் செய்தேன்.

முதலில் காற்று எவ்வளவு சூட்டை எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைப்பகுதியும் பேட்டரிக் குழாயும் சேர்ந்து என் லேசரின் வெளிப்பரப்பு சுமார் 0.015 சதுர மீட்டர். விசிறி இல்லாமல், கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 10 வாட் போகும் என்று எடுத்துக்கொள்ளலாம். உடம்பு காற்றைவிட 20 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தாலும் வெளியேறுவது 3 வாட்தான். வருவதோ 14 வாட். அதிலும் கோவையில் மே மாதம் பட்டறைக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும்போது, 50 டிகிரியில் உலோகத்தைக் கையில் பிடிக்க முடியாது என்றால், நமக்குக் கிடைப்பது 14 டிகிரி இடைவெளி. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் 'இரண்டு நிமிடம் எரிக்கலாம்' என்ற கணக்கெல்லாம் இங்கே பொருந்தாது.

ஆகவே கையடக்க லேசரின் ஹீட்சிங்க் பெயருக்குத்தான் ஹீட்சிங்க். உண்மையில் அது சின்னத் துவாரம் உள்ள ஒரு தொட்டி. குழாய் வேகமாக ஊற்றுகிறது, துவாரம் மெதுவாகக் கசிகிறது, தொட்டி நிரம்பும் முன் குழாயை மூட வேண்டும். எந்த உலோகம் என்ற கேள்வியை இந்தக் கோணத்தில் பார்த்தால் பதில் மாறுகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனோடு, எவ்வளவு வெப்பத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்பதும் சேர்ந்துவிடுகிறது.

என் ஹீட்சிங்க் 30 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம். அதற்குள் 20 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. நீளமும் உள்ள காப்பர் மாட்யூல் உட்கார ஒரு போர் (கடைந்த துளை). மாட்யூல் போக மிஞ்சும் உலோகம் சுமார் 20 கன சென்டிமீட்டர். காப்பரில் செய்தால் 183 கிராம், அலுமினியத்தில் 55 கிராம். ஒரு டிகிரி சூடேற காப்பர் 70 ஜூல் வாங்கிக்கொள்ளும், அலுமினியம் 49 ஜூல். மாட்யூலின் பங்கு 21 ஜூல் இரண்டுக்கும் பொது. 14 வாட்டில் ஒரு நிமிடம் எரித்தால் மொத்தம் 840 ஜூல். காப்பர் தலை 9 டிகிரி ஏறும், அலுமினியத் தலை 12 டிகிரி ஏறும். வித்தியாசம் 3 டிகிரி. அதற்காகக் கையில் கூடுதலாகச் சுமப்பது 128 கிராம்.

எடையைச் சமமாக வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். ஒரு கிராம் அலுமினியம் ஒரு கிராம் காப்பரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் பிடிக்கும் (0.897-க்கு 0.385 ஜூல்). அந்த 183 கிராமையும் அலுமினியமாகவே போட்டால் ஒரு நிமிடத்துக்கு 5 டிகிரி கூட ஏறாது. ஆனால் உருவம் பெருத்துவிடும். இடம் குறைவு என்றால் காப்பர், எடை தடை என்றால் அலுமினியம். கையில் பிடிக்கும் பொருளுக்கு என் ஓட்டு எப்போதும் அலுமினியத்துக்குத்தான். டயோடைச் சுற்றியுள்ள அந்த மாட்யூல் மட்டும் காப்பராக இருந்தே ஆக வேண்டும். அங்கே பரப்பு சிறியது, சூடு நெருக்கமாக வருகிறது, பரவ நேரமில்லை.

கடத்தும் திறனையும் எண்ணாகவே பார்த்துவிடலாம். 30 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. நீளமும் உள்ள ஒரு கட்டையின் ஒரு முனையில் 14 வாட் கொடுத்தால், இரு முனைகளுக்கும் இடையே காப்பரில் ஒன்றரை டிகிரி வித்தியாசம் வரும். அலுமினியத்தில் மூன்றரை, பித்தளையில் ஐந்து, 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 37. ஸ்டீலின் கடத்துதிறன் (ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்) 16, காப்பருடையது 390. டைட்டானியம் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. விமானத்துக்கும் மருத்துவத்துக்கும் போகும் அந்தப் பொதுவான கலவையின் கடத்துதிறன் 7-க்கும் கீழே. அதில் ஹீட்சிங்க் செய்யவே கூடாது.

உலோகம் வாங்கியதைப் பற்றி இரண்டு வரி. இங்கே கடைகளில் 6061, 6082 என்று அலுமினியக் கலவையின் எண்ணைச் சொல்லிக் கேட்பதைவிட ஹெச்ஈ20, ஹெச்ஈ30 என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருகிறார்கள். ஹெச்ஈ30 என்பது 6082-க்கு ஒத்தது. கடைச்சலுக்கு அருமையாக வரும், கடத்துதிறன் 170 பக்கம். ஹெச்ஈ9, அதாவது 6063, இன்னும் நன்றாகக் கடத்தும். ஆனால் மென்மையானது, சின்ன மரைகள் தேய்ந்துவிடும். பாத்திர வார்ப்பு, பழைய எஞ்சின் உருக்கு இவற்றிலிருந்து வரும் துண்டுகளைத் தவிர்ப்பது நல்லது. என்ன கலவை என்று யாருக்கும் தெரியாது.

கோவையில் கணபதி என்ற பகுதிக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறை உண்டு. காப்பர் ராடைப் பார்த்ததும் பட்டறைக்காரர் சொன்னார்: "தம்பி, இது பிட்டுல அப்பிக்குமுங்க. மேல எப்படியும் பாலீஷ் போட்டுக் குடுத்துருவேன், உள்ள போரிங்கு நீங்க கேக்கற சைசுக்கு நிக்காதுங்க." அவர் சொன்னது அப்படியே நடந்தது. சுத்தக் காப்பர் பசை மாதிரி இழுபடும். சில்லு உடையாமல் நீள நீளமாகச் சுருண்டு வரும், துளையிடும்போது ட்ரில்லைக் கவ்விப் பிடிக்கும். புதிதாகத் தீட்டிய கூர்மையான பிட், நிறைய கூலண்ட், கடைசி வெட்டு மிகச் சன்னமாக. அப்படியும் போரின் வாய்க்கும் அடிக்கும் 30 மைக்ரான் (0.03 மி.மீ.) வித்தியாசம் இருந்தது. அதே கையில் ஹெச்ஈ30 கண்ணாடி மாதிரி வந்தது. டெலுரியம் சேர்த்த காப்பர் என்று ஒன்று உண்டு, கடத்துதிறன் கொஞ்சம்தான் குறையும், பித்தளை மாதிரி வெட்டலாம். கோவையில் சில்லறையாக நான் விசாரித்த கடைகளில் அது இல்லை.

இந்த 30 மைக்ரானை ஏன் பெரிதாகச் சொல்கிறேன்? 20.00 மி.மீ. மாட்யூலுக்கு 20.10-ல் போர் போட்டால் சுற்றிலும் 50 மைக்ரான் இடைவெளி. காகிதத்தைவிட மெல்லியது. அங்கே இருப்பது வெறும் காற்று என்றால், 14 வாட்டுக்கு அந்த 50 மைக்ரானின் குறுக்கே 17 டிகிரி விழும். காற்றின் கடத்துதிறன் 0.026. அதே இடத்தைக் கடத்துதிறன் 3 உள்ள தெர்மல் பேஸ்ட்டால் நிரப்பினால் விழுவது கால் டிகிரிக்கும் குறைவு. அலுமினியத்திலிருந்து காப்பருக்கு மாறி 3 டிகிரி மிச்சம் பிடிக்கிற நேரத்தில், பொருந்தாத போர் 17 டிகிரியை விழுங்கிவிடும்.

இதைக் கணக்கோடு விட மனமில்லை. டயோடை வைத்து இப்படிச் சோதிப்பது வீண், ஆபத்தும்கூட. அதனால் 3டி பிரிண்டரின் நாசிலைச் சூடேற்றப் போடும் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் ஒன்றை எடுத்தேன். 12 வோல்ட், 40 வாட், விட்டம் 6 மி.மீ. அதன் மின்தடை 3.6 ஓம். பெஞ்ச் சப்ளையில் 7.1 வோல்ட் வைத்தால் சரியாக 14 வாட். மாட்யூல் அளவிலேயே ஒரு காப்பர் கட்டை கடைந்து, நடுவில் 6 மி.மீ. துளை போட்டு, ஹீட்டரைப் பேஸ்ட் தடவிச் செருகினேன். லேசரே இல்லாமல் லேசரின் சூடு கிடைத்துவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், கண்ணுக்குக் கவலையில்லை, எரிந்துபோக டயோடும் இல்லை. லேசர் உடம்பு செய்கிற எல்லோரும் முதலில் இதைச் செய்ய வேண்டும் என்று உளமாரச் சொல்வேன்.

வெப்பம் அளக்க மல்டிமீட்டரோடு வரும் கே வகை தெர்மோகப்பிள் போதும். ஒன்றைக் கட்டைக்குள், இன்னொன்றை ஹீட்சிங்கின் வெளிப்புறத்தில் ஒட்டினேன். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மினுமினுக்கும் உலோகத்தில் நேராகக் காட்டினால் பொய் சொல்லும். பாலீஷ் போட்ட காப்பர் தன் சூட்டை மிகக் குறைவாகவே கதிராக விடும், எதிரில் இருக்கும் பொருளின் சூட்டைத்தான் பிரதிபலிக்கும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும்.

பட்டறை 34 டிகிரியில் இருந்தபோது எடுத்த அளவுகள் இவை. 20.10 போரில் பேஸ்ட் இல்லாமல் செருகியபோது கட்டைக்கும் வெளிப்புறத்துக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம். கணக்குச் சொன்ன 17 வராததற்குக் காரணம், கட்டை ஒரு பக்கம் சாய்ந்து போரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேஸ்ட் தடவிச் செருகியதும் அந்த வித்தியாசம் தெர்மோகப்பிளின் பிழை அளவுக்குள் கரைந்துபோனது. பக்கவாட்டில் எம்3 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) போட்டு இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது மாட்யூலை எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு கோடாகத்தான் அழுத்துகிறது. கூடவே மாட்யூலையும் லேசாக நசுக்கும். உள்ளே லென்சின் எம்9, 0.5 பிட்ச் மரை இருக்கிறதல்லவா, அது சிக்கிக்கொண்டால் ஃபோகஸ் திருப்ப முடியாது. ஸ்க்ரூதான் வேண்டும் என்றால் ஹீட்சிங்கை நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்து, அந்த வெட்டை ஓர் ஆலன் போல்ட்டால் இறுக்கும் கிளாம்ப் முறை எவ்வளவோ மேல். சுற்றிலும் சீராகக் கவ்வும்.

நான் கடைசியில் போனது சூடேற்றிச் செருகும் முறைக்கு. அலுமினிய போரை 19.99-க்கு நிறுத்தச் சொன்னேன். மாட்யூலைவிட 10 மைக்ரான் சிறிது. ஹீட்சிங்கை மட்டும் ஓவனில் 150 டிகிரிக்குச் சூடேற்றினால் போர் 55 மைக்ரான் விரியும். குளிர்ந்த மாட்யூலை உள்ளே விட்டால் வழுக்கி இறங்கும், ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். டயோடை அதன் பிறகுதான் மாட்யூலுக்குள் அழுத்த வேண்டும். 150 டிகிரி உலோகத்துக்குப் பக்கத்தில் டயோடு இருக்கவே கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சூடேறினால் அலுமினியம் காப்பரைவிட அதிகம் விரியும். காப்பர் மாட்யூலைச் சுற்றி அலுமினியம் இருக்கும் அமைப்பில், லேசர் 30 டிகிரி சூடேறும்போது பிடி 3.6 மைக்ரான் தளரும். 10 மைக்ரான் இறுக்கம் கொடுத்திருப்பதால் 6-க்கு மேல் மிச்சமிருக்கிறது. 'கையால் தள்ளினால் போகும் அளவுக்கு இறுக்கம்' என்று விட்டிருந்தால், குளிரில் நன்றாக இருந்து, எரியும்போது இடைவெளி விழும் அமைப்பாகியிருக்கும். காப்பர் ஹீட்சிங்குக்குள் அலுமினிய மாட்யூல் போட்டால் இது நேர்மாறு, சூடேற ஏற இறுகும். ஆனால் டயோடைத் தொடும் இடத்தில் அலுமினியத்தை வைக்க எனக்கு விருப்பமில்லை.

பித்தளையையும் கடைந்து பார்த்தோம். உண்மையில் அது கெட்ட உலோகம் இல்லை. கன அளவுக்குக் கணக்கிட்டால் காப்பர் அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவாக வெப்பம் பிடிக்கிறது. சில்லு பொடிப்பொடியாக உதிர்ந்து, போர் துல்லியமாக நிற்கிறது. சூடு பரவ மட்டும் சற்றுத் தாமதம். எடையும் கிட்டத்தட்ட காப்பர் எடையே என்பதால்தான் எனக்கு உதவவில்லை. இடம் குறுகிய சின்ன லேசருக்கு, காப்பரை ஒழுங்காகக் கடைய ஆள் கிடைக்காத ஊரில், பித்தளை தாராளமாகப் போடலாம்.

அடுத்தது குழாய். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் டார்ச் உடம்புகள் இரண்டு வகை: அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு பூச்சு ஏற்றிய) அலுமினியம், மின்னும் ஸ்டெயின்லெஸ். என் அலுமினியக் குழாய் 24 மி.மீ. வெளிவிட்டம், 19 உள்விட்டம், 150 நீளம். எடை 68 கிராம், ஒரு டிகிரிக்கு 61 ஜூல் பிடிக்கும். ஹீட்சிங்கை அலுமினியத்திலிருந்து காப்பராக மாற்றினால் கூடுவது 21 ஜூல்தான். அதாவது ஏற்கெனவே கையில் இருக்கும் குழாயைத் தலையோடு ஒழுங்காகச் சேர்த்தாலே காப்பரைவிட அதிகம் கிடைக்கிறது. சேரும் இடம் மரை. மரையின் ஒரு பக்கச் சரிவுதான் தொடும், மறுபக்கம் காற்று. அதனால் மரையின் நீளத்தை 12 மி.மீ.க்குக் கூட்டி, பேஸ்ட் தடவி, மரை முடியும் இடத்தில் இரண்டு தட்டையான முகங்கள் இறுக முட்டும்படி செய்தோம். அந்த முகங்களிலும் மரையிலும் அனோடைஸ் இருக்கக் கூடாது. அந்தப் பூச்சின் தடிமன் சூட்டைப் பெரிதாகத் தடுக்காது, ஆனால் மின்சாரத்தை முழுதாகத் தடுக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனை உடம்பு வழியே வரும் அமைப்பில் லேசர் எரியவே எரியாது.

ஹீட்டர் கட்டையை வைத்து ஒரு நிமிடம் ஓட்டியதில், அலுமினியத் தலையும் அலுமினியக் குழாயும் சேர்ந்த உடம்பு 34-லிருந்து 43-க்கு ஏறியது. அதே தலையை ஸ்டெயின்லெஸ் குழாயில் மாட்டியபோது 46. காப்பர் தலையை ஸ்டெயின்லெஸ் குழாயில் மாட்டினால் திரும்பவும் 43. அலுமினியக் குழாய் செய்கிற வேலைதான் காப்பர் தலை செய்கிறது, 128 கிராம் கூடுதல் எடையில். ஸ்டீல் குழாயில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிடிக்கிற இடம் சில்லென்றே இருக்கும். கை சுடவில்லையே என்று தொடர்ந்து எரிப்போம், உள்ளே டயோடு வெந்துகொண்டிருக்கும். அலுமினிய உடம்பில் கை சுடும்போது நிறுத்திவிடுவோம்.

தலையில் வளையம் வளையமாக வெட்டும் அலங்காரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. இடைவெளியில் வெட்டிய பள்ளங்களுக்குள் விசிறி இல்லாத காற்று நகராது, அங்கேயே தேங்கி நிற்கும். பள்ளத்துக்காக வெட்டியெடுத்த உலோகம் சூட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய உலோகம். 6, 8 மி.மீ. இடைவெளி விட்டால்தான் இயல்பான காற்றோட்டத்தில் பயன். 40 மி.மீ. தலையில் அதற்கு இடமில்லை. என் தலை மொழுமொழுவென்று இருக்கிறது, வெளியே கறுப்பு அனோடைஸ். பாலீஷ் அலுமினியம் கதிர்வீச்சில் விடும் சூடு மிகக் குறைவு. அனோடைஸ் செய்தால் அது பல மடங்காகும். நிறம் முக்கியமில்லை, பூச்சுதான் முக்கியம்.

டயோடை அழுத்தும்போது விளிம்பில் மட்டும் விசை படும்படி துளையிட்ட கருவி வேண்டும். கண்ணாடியிலோ கால்களிலோ அழுத்தம் பட்டால் அதோடு முடிந்தது. நிலைமின்சாரத்துக்காகக் கால்களை மெல்லிய கம்பியால் சுற்றி இணைத்து வைத்துவிட்டு, வைஸில் மெதுவாக இறக்கினேன். சில டயோடுகளில் ஒரு கால் கேனோடு சேர்ந்திருக்கும். உடம்பு முழுவதும் அந்த முனையின் மின்சாரத்தில் நிற்கும். டிரைவரை (டயோடுக்குச் சீரான மின்சாரம் தரும் சர்க்யூட்) இணைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டியது. டிரைவர் இரண்டு 18650 லித்தியம் செல்லில் ஓடும் பக் வகை, அதாவது வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது. அதுவும் 2 வாட் அளவுக்குச் சூடாகும் என்பதால் ஹீட்சிங்கின் பின்முகத்தில் மின்காப்புள்ள தெர்மல் பேடில் ஒட்டியிருக்கிறேன்.

கடைசியாகச் சூட்டுக் காவல். ஹீட்சிங்கில் ஒரு பள்ளம் வெட்டி 50 டிகிரியில் திறக்கும் கேஎஸ்டி 9700 சுவிட்சை வைத்தேன். பேட்டரி வழியில் நேராகத் தொடராகப் போட்டால், ஆறியதும் அது தானாகவே மூடிக்கொள்ளும். மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிய நேரத்தில் 7 வாட் கற்றை தானாகப் புறப்படும். அதனால் அதை டிரைவரின் லாட்ச் சர்க்யூட்டில் சேர்த்தேன். ஒருமுறை அணைந்தால் பொத்தானை மறுபடி அழுத்தும் வரை எரியாது. சாவி சுவிட்ச், எரியும் முன் சில நொடித் தாமதம், எரிவதைக் காட்டும் சின்ன எல்இடி மூன்றும் உண்டு.

டயோடோடு ஓட்டியபோது, கதவைத் தாழிட்டு, கண்ணாடி அணிந்து, கற்றையைச் செங்கல்லில் விட்டு ஒரு நிமிடம் எரித்தேன். மாட்யூலுக்கு அருகே 44 டிகிரி. ஹீட்டர் கட்டையோடு ஒரு டிகிரிதான் வித்தியாசம், அது டிரைவரின் பங்கு. ஆற அதைவிடப் பல மடங்கு நேரம் எடுத்தது. இப்போதைக்கு என் விதி ஒரு நிமிடம் எரிப்பு, பிறகு நன்றாக ஆறும் வரை ஓய்வு. வெயில் காலத்தில் 40 நொடி. அடுத்து 35 மி.மீ. விட்டத்தில் ஹெச்ஈ30 தலை ஒன்று பட்டறையில் சொல்லியிருக்கிறேன், போர் அதே 19.99.